குழந்தைக்குப் புற்றுநோய்: மனதுக்கான உதவியில் எது, யாருக்கு, எப்போது?

குழந்தைக்குப் புற்றுநோய் என்று உறுதியான சில நாட்களிலேயே, "கவுன்சலிங் ஏற்பாடு செய்யட்டுமா?" என்று யாராவது கேட்பார்கள். "முதலில் கீமோ தொடங்கட்டும், அதெல்லாம் பிறகு" என்று பல பெற்றோர் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் பதறிப்போய், கிடைக்கிற எல்லா உதவியையும் ஒரே வாரத்தில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கவுன்சலிங் என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு வெவ்வேறு உதவிகள் அடங்கியிருப்பதை யாரும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்வதில்லை. ஊசியைக் கண்டாலே அலறும் நான்கு வயதுக் குழந்தைக்கு வேண்டியது ஒன்று. இரவெல்லாம் விழித்திருந்து குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு வேண்டியது வேறு. முடி கொட்டியபின் நண்பர்களின் அழைப்பையே எடுக்காத பதினைந்து வயதுப் பையனுக்கு வேண்டியது இன்னொன்று.

ஆகவே எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. யார் தவிக்கிறார்கள், எதனால், சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

எவ்வளவு உதவி தேவை?

2006இல் குழந்தை உளவியலாளர் ஆன் கசாக் முன்வைத்த ஒரு முக்கோண மாதிரி இன்றும் பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது. முக்கோணத்தின் அகன்ற அடிப்பகுதியில் இருப்பவை கவலையும் அழுகையும் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும் குடும்பங்கள். நடுவில், ஏற்கெனவே ஏதோ ஒரு சுமை இருக்கும் குடும்பங்கள்: பணநெருக்கடி, தனியாகக் குழந்தையை வளர்க்கும் நிலை, பெற்றோரில் ஒருவருக்கு முன்பே மனச்சோர்வு. உச்சியில், கடுமையான, விடாத தவிப்பில் உள்ள குடும்பங்கள். இதை அளக்கப் பெற்றோர் நிரப்பும் ஒரு சிறு கேள்வித்தாளும் உண்டு. சுமார் பத்து நிமிடம் போதும். பல ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அடிப்பகுதியில்தான் இருந்தன. உச்சியில் இருந்தவை மிகச் சிலவே.

அடிப்பகுதியில் இருக்கும் குடும்பத்துக்கு வாராவாரம் உளவியலாளரைப் பார்ப்பது தேவையில்லை. பல சமயம் அது இன்னொரு அலைச்சலாகவே முடியும். அவர்களுக்கு வேண்டியது நோயைப் பற்றிய தெளிவான தகவல், வலிக்குச் சரியான மருந்து, பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு செவிலியர், பயணச் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் வழிகாட்டும் ஒரு மருத்துவ சமூகப் பணியாளர். பணக்கவலையால் தூக்கம் கெட்ட அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சியைவிட உதவித்தொகை விண்ணப்பம்தான் முதல் மருந்து. 2015இல் வெளியான, குழந்தைப் புற்றுநோய்க்கான 15 உளவியல் சமூகப் பராமரிப்புத் தரநிலைகளில் பொருளாதார நெருக்கடியைக் கேட்டறிவதும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது இதனால்தான்.

ஆனால் இந்த அளவீட்டை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. முதல் மாதத்தில் உறுதியாக நின்ற குடும்பம், நோய் திரும்பும்போது உடையலாம். சிகிச்சை முடியும் நாளும் அப்படித்தான். எல்லோரும் கொண்டாடும் அந்த நாளில்தான் பல அம்மாக்கள் முதன்முறையாக உடைந்து அழுகிறார்கள். அதுவரை அழ நேரமே இருந்திருக்காது.

மனமா, மருந்தா?

உளவியலாளரிடம் போவதற்கு முன் ஒரு படியைத் தாண்டக் கூடாது: தெரியும் மாற்றத்துக்குச் சிகிச்சையே காரணமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்பது. இதைத் தவறவிடுவதால் வீணாகும் வாரங்கள் ஏராளம்.

ரத்தப் புற்றுநோயான லுக்கிமியாவுக்குத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் குழந்தையின் மனநிலையைத் தலைகீழாக்கும். சாதுவான குழந்தை பொருட்களை வீசியெறியும், காரணமின்றி அழும், நள்ளிரவில் எழுந்து சாப்பாடு கேட்கும். தொடக்கக் கட்டத்தில் நான்கு வாரம் தொடர்ந்தும், பல சிகிச்சை முறைகளில் பின்னர் மாதத்துக்கு ஐந்து நாள் வீதமும் இவை வரும். ஸ்டீராய்டு எடுத்த நாட்களையும் சண்டை நாட்களையும் ஒரே நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டியே வந்தால், அது வளர்ப்பின் குறையும் இல்லை, மனநோயும் இல்லை. அந்த நாட்களில் பரிசோதனைகளையும் பெரிய உரையாடல்களையும் தள்ளிவையுங்கள். வீட்டு விதிகளை இரண்டு மூன்றாகச் சுருக்குங்கள். மருந்தைக் காலையிலும் மாலைத் தொடக்கத்திலும் தர முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள், தூக்கம் கொஞ்சம் மீளும்.

வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு சில குழந்தைகளை ஒரு இடத்தில் உட்கார முடியாத அளவுக்குப் பரபரக்க வைக்கும். பார்ப்பவர் அதைப் பதற்றம் என்று எழுதிவிடுவார். வின்கிரிஸ்டின் நரம்பைப் பாதித்துத் தாடை வலியும் கால் தளர்வும் தரும். நடக்க மறுக்கும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று திட்டுவது எவ்வளவு அநியாயம். ரத்தசோகை, தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தபின் வரும் ஹார்மோன் குறைபாடு ஆகியவை மனச்சோர்வு போலவே தோன்றும்.

இதே காரணத்தால், பசியின்மை, களைப்பு, தூக்கக்கேடு ஆகியவற்றை மட்டும் வைத்துக் குழந்தைக்கு மனச்சோர்வு என்று முடிவுகட்ட முடியாது. கீமோவே அவற்றைத் தரும். உடல் சற்றுத் தேறிய நாட்களிலும் பிடித்த விளையாட்டில் ஆர்வமில்லை, நண்பரைப் பார்க்க விருப்பமில்லை, "என்னால்தான் எல்லாருக்கும் கஷ்டம்" என்ற பேச்சு, எதிலும் எரிச்சல் என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அப்போது உளவியலாளர் தேவை.

ஊசி பயத்துக்கு யார்?

குழந்தைகள் புற்றுநோயைவிட ஊசிக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். இங்கே மூன்று வழிகள் உண்டு: விளையாட்டு வழித் தயார்ப்படுத்தல், உளவியலாளரின் படிப்படியான பயிற்சி, மயக்க மருந்து.

பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலாவதே போதும். சில மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர் இருப்பார். இல்லாத இடத்தில் செவிலியரும் பெற்றோரும் சேர்ந்து செய்யலாம். ஊசியில்லாத சிரிஞ்ச், கட்டு, ஒரு பொம்மை இவற்றைக் கொடுத்துக் குழந்தையே பொம்மைக்கு "போர்ட்" (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) போடட்டும். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன்-பிரிலோகெய்ன் களிம்பைக் குறைந்தது 60 நிமிடம் முன்பே தடித்த படலமாகப் போட்டு மூட வேண்டும். இருபது நிமிடத்தில் துடைத்துவிட்டுக் குத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வலித்தபின் குழந்தை களிம்பையே நம்பாது. படுக்கவைத்துக் கைகால்களை நால்வர் அமுக்குவதற்குப் பதில், மடியில் நெஞ்சோடு அணைத்து உட்காரவைத்தால் அதே ஊசி பாதி அழுகையில் முடிந்துவிடும். எப்போது சொல்வது? மூன்று நான்கு வயதுக்கு அன்று காலையில் சொன்னால் போதும். பள்ளி வயதுக் குழந்தைக்கு ஓரிரு நாள் முன்பு. பதின்வயதினர் தேதி தெரிந்தவுடனேயே தங்களிடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

"ஒண்ணுமில்லைடா கண்ணா, வலிக்காது, அம்மா இருக்கேன்ல" என்று திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்வது அன்பில் வருவது. ஆனால் ஊசி அறையில் பெற்றோரின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறு: ஆறுதலும் மன்னிப்பும் மிகுந்தால் குழந்தையின் தவிப்பும் கூடுகிறது, மூச்சை ஊதச் சொல்வதும் கதைக்குள் இழுத்துப் போவதும் குறைக்கிறது. அறையில் ஒருவர் குரல் மட்டும் கேட்கட்டும். "ஒரு அழுத்தம் தெரியும், பத்து எண்ணுவதற்குள் முடியும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, சோப்புக்குமிழியையோ கதையையோ கையில் எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், முந்தைய இரவே வாந்தி, மருத்துவமனைக் கட்டடத்தைப் பார்த்ததும் உடல் நடுக்கம் என்றிருந்தால் உளவியலாளரிடம் போக வேண்டும். கீமோ ஏறுவதற்கு முன்பே வரும் வாந்தி கற்றுக்கொண்ட எதிர்வினை. வாந்தி மருந்தை மட்டும் கூட்டினால் அது அடங்குவதில்லை. தசை தளர்த்தல், கற்பனைக் காட்சி, ஹிப்னாஸிஸ் ஆகியவை உதவும். ஊசி வலிக்குக் கவனத்தைத் திருப்புவதும் ஹிப்னாஸிஸும் நல்ல ஆய்வுச் சான்று உள்ளவை.

முதுகுத்தண்டு நீர் எடுத்தல், எலும்பு மஜ்ஜைச் சோதனை இவற்றுக்கு மயக்கம் தர வசதியிருந்தால் தயங்காமல் கேளுங்கள். வலியைத் தாங்கப் பழகட்டும் என்று முதல் முறையே விழிப்போடு செய்துவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு முறையும் அந்த முதல் முறையின் நினைவோடுதான் தொடங்கும்.

குழந்தைக்கா, அம்மா அப்பாவுக்கா?

ஒரே ஒரு உதவிக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், குழந்தை சிறியதாக இருக்கும்போது அதைப் பெற்றோருக்குத் தருவதே மேல் என்பது எங்கள் கணிப்பு. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை தன் நிலைமையை அம்மாவின் முகத்தில்தான் படிக்கிறது. அந்த முகம் ஓரளவு நிலைப்பட்டால் வாரத்தில் ஏழு நாளும் குழந்தைக்குப் பயன். உளவியலாளரின் அறையில் கிடைப்பதோ நாற்பத்தைந்து நிமிடம்.

பெற்றோருக்கான உதவியிலும் இரண்டு வகை. ஒன்று மனம்விட்டுப் பேசக் காது கொடுக்கும் ஆலோசனை. மற்றொன்று பிரச்சினை தீர்க்கும் திறனைப் பயிற்றுவிப்பது. பிந்தையதில் நன்றாக ஆராயப்பட்டது 'பிரைட் ஐடியாஸ்' என்ற முறை: ஒரு மணிநேரம் வீதம் 8 அமர்வுகள். ஒரு பிரச்சினையைக் குறிப்பாகச் சொல்வது, வழிகளைப் பட்டியலிடுவது, எடைபோடுவது, ஒன்றைச் செய்வது, பலித்ததா என்று பார்ப்பது, இவ்வளவுதான் சாரம். "எல்லாமே பிரச்சினை" என்று வரும் அம்மா, "வார்டில் தங்கும் நாட்களில் சின்னவளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது" என்று கேட்கக் கற்றுக்கொள்கிறார். 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், பயிற்சி முடிந்த நேரத்தில் இரண்டு வகையும் அம்மாக்களுக்கு ஏறக்குறைய சமமாகவே உதவியிருந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, திறன் கற்றவர்கள் மேலும் முன்னேறியிருந்தார்கள். பேச மட்டும் செய்தவர்கள் முன்பிருந்த இடத்திலேயே நின்றிருந்தார்கள். ஆக, இன்றைய பாரத்தை இறக்கிவைக்க எது கிடைத்தாலும் நல்லது. இரண்டு மூன்று ஆண்டு நீளும் லுக்கிமியா சிகிச்சைக்குத் திறன் பயிற்சி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் அம்மாக்களே இருக்கிறார்கள், அமர்வுகளும் அம்மாக்கள் வார்டில் இருக்கும் பகல் நேரத்திலேயே வைக்கப்படுகின்றன. வேலைக்குப் போய்வரும் அப்பாவுக்கு மாலை நேரத் தொலைபேசி அமர்வு கேளுங்கள். அவர் வேண்டாம் என்பது பல வீடுகளில் நேரத்தைத்தான், உதவியை அல்ல.

பதின்வயதில் கணக்கு மாறுகிறது. அவர்களுக்குத் தனி அமர்வு வேண்டும், பெற்றோர் அறையில் இல்லாமல். உயிருக்கு ஆபத்தான விஷயம் தவிர வேறெதுவும் வெளியே போகாது என்ற விதியை முதல் நாளே மூவர் முன்னிலையில் பேசிவிட வேண்டும். இல்லையென்றால் பையன் வாயே திறக்கமாட்டான். 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்ட 'பிரிசம்' என்ற திட்டம் நான்கே குறும் அமர்வுகள் கொண்டது: மனஅழுத்தத்தைக் கையாளல், இலக்கு வைத்தல், எதிர்மறை எண்ணத்தை மாற்றிப் பார்த்தல், நடந்ததில் ஒரு பொருளைக் காணல். கீமோ சுற்றுகளுக்கிடையே பொருந்திவிடும் என்பதே இதன் பெரிய வசதி. ஆனால் ஏற்கெனவே ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவருக்கு நான்கு அமர்வு போதாது. அவருக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முழுமையாக, மாதக்கணக்கில் வேண்டும்.

எந்த உளவியலாளராக இருந்தாலும் நான்காவது அமர்வில் கேளுங்கள்: "எதை மாற்ற முயல்கிறோம், மாறுகிறதா என்று எப்படித் தெரியும்?" தெளிவான பதில் இல்லையென்றால் வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை. புற்றுநோய் சிகிச்சை தெரியாத நல்ல உளவியலாளரா, தெரிந்த சுமாரானவரா என்றால் முன்னவரைத் தேர்ந்தெடுத்து, அவரை மருத்துவக் குழுவோடு ஒருமுறை பேசவைத்துவிடலாம்.

உடன்பிறந்தோர் எல்லா வீட்டிலும் கடைசியில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சை வேண்டாம். மூன்று வாக்கியம் வேண்டும்: இந்த நோய்க்கு என்ன பெயர், இது உன்னால் வரவில்லை, உனக்கு இது தொற்றாது. நான்கு வயதுத் தங்கை, போன வாரம் அண்ணனை அடித்ததால்தான் இப்படி ஆனது என்று மனதார நம்பிக்கொண்டிருக்கலாம். இவற்றோடு வாரத்தில் ஒரு முறையாவது, நோயைப் பற்றிப் பேசாத ஒரு மணிநேரம் பெற்றோரில் ஒருவரோடு. பள்ளியில் மதிப்பெண் சரிவு, வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு என்றெல்லாம் நீடித்தால் அப்போது தனி உதவி.

குழு, தனி, திரை

பெற்றோர் குழுவில் கிடைக்கும் ஒன்றை எந்த நிபுணராலும் தர முடியாது: "எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது" என்ற சொல். அதே குழு சிலருக்குக் காயமும் தரும். புதிதாக நோய் கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோரையும், நோய் மூன்றாம் முறை திரும்பிய குழந்தையின் பெற்றோரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்தால் இருவருமே ஊமையாகிவிடுவார்கள். சேருமுன் மூன்று கேள்வி: நடத்துபவர் பயிற்சி பெற்றவரா? ஒரே கட்டத்தில் உள்ளவர்களா? குழுவில் ஒரு குழந்தை இறந்தால் அதை எப்படிக் கையாள்வார்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லாத குழு அந்த நாளில் சிதறிவிடும். யாரும் நடத்தாத வாட்ஸ்அப் குழுக்கள் பயணம், தங்குமிடம் போன்ற தகவலுக்கு அருமையானவை. நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து படிப்பதற்கு அல்ல. யாரோ ஒரு குழந்தையின் ரத்த அறிக்கையும், யாரோ பரிந்துரைத்த அதிசய மூலிகையும் அங்கேதான் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த மூலிகை கீமோ மருந்தோடு மோதவும் கூடும்.

தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோபிலின் எண்ணிக்கை 500க்குக் கீழ் போன நாட்களில் நேரடிக் குழு ஆபத்து. அப்போது காணொளி அமர்வு கைகொடுக்கும். பதின்வயதினருக்கும் பெற்றோருக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. சிறு குழந்தைக்குப் பொருந்துவதில்லை, கால் மணிநேரத்தில் திரையை விட்டு ஓடிவிடும். சிறியவருக்கு என்றால் உளவியலாளர் திரையில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க, பெற்றோர் குழந்தையோடு செய்வதே பலன் தரும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஹெட்போன் இல்லாமல் நடக்கும் அமர்வில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இசை, ஓவியம், முகாம்கள் எல்லாம் குழந்தைக்கு மகிழ்ச்சியும் தோழமையும் தருபவை; கிடைத்தால் விடாதீர்கள். மனச்சோர்வுச் சிகிச்சைக்கு மாற்றாக மட்டும் அவற்றை எண்ண வேண்டாம்.

மாத்திரை எப்போது?

மனநல மருத்துவரிடம் போகத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. பேச்சுச் சிகிச்சைக்கு அசையாத மனச்சோர்வு, சாப்பாட்டையும் மருந்தையும் மறுக்கும் அளவு பதற்றம், நேரம் இடம் குழம்பிப் பிதற்றுவது, சாக வேண்டும் என்ற பேச்சு, இவற்றில் எதுவந்தாலும் காத்திருக்கக் கூடாது. கடைசி இரண்டுக்கும் அன்றைக்கே பார்க்க வேண்டும். சாவைப் பற்றி நேராகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று அஞ்சத் தேவையில்லை, கேட்பது பாதுகாப்பானது.

மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்ஸெட்டின் வகை மருந்துகள் முழுப்பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். இவை ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டின் வேலையைக் குறைக்கும் என்பதால், எண்ணிக்கை குறைந்த நாட்களில் ரத்தக்கசிவு கூடலாம். லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக், புரோகார்பசைன் என்ற கீமோ மருந்து, இஃபோஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து மூளையைப் பாதிக்கும்போது தரப்படும் மெத்திலீன் ப்ளூ ஆகியவற்றோடு சேர்ந்தால் மூளை வேதிப்பொருளான செரடோனின் அளவுக்கு மீறிக் கூடும் ஆபத்தான மிகைநிலை வரலாம். ஃப்ளுவாக்ஸெட்டினை நிறுத்தினாலும் உடலைவிட்டு நீங்க ஐந்து வாரம் வரை ஆகும் என்பதால் அவசரத்தில் மாற்றவும் முடியாது. அதே வகையைச் சேர்ந்த சிட்டலோப்ரமும் வாந்திக்கான ஒண்டான்செட்ரானும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் லயம் குலையலாம், ஈசிஜி பார்க்க வேண்டும். எனவே முழு மருந்துப் பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள். புற்றுநோய் மருத்துவர் அறியாமல் ஒரு மாத்திரைகூடத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

சொல்வதா, மறைப்பதா?

எந்த உதவியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கும். குழந்தைக்கு நோயின் பெயரைச் சொல்லாமல் உளவியலாளரிடம் அனுப்பினால், அவரும் நடிக்க வேண்டியிருக்கும். அந்த அறையில் எதுவும் நடக்காது. குழந்தைகள் மறைப்பதைக் கண்டுகொள்வார்கள், பெற்றோர் கலங்கக் கூடாதே என்று தாங்களும் தெரியாததுபோல் இருந்துவிடுவார்கள். அந்தத் தனிமை நோயைவிடக் கொடியது.

ஒரே மூச்சில் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "உனக்கு என்ன தெரியும், என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். குணமாக வாய்ப்பில்லாத கட்டத்திலும் இதே வழிதான். ஸ்வீடனில், புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையிடம் மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாதிருந்த 258 பேரில் 69 பேர் பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். பேசாத பலரும் வருந்தவில்லை என்பதும் அதே எண்களில் இருக்கிறது. ஆகவே யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் குழந்தையே கேட்கும்போது பேச்சை மாற்றாதீர்கள். வலிதணிப்புப் பராமரிப்புக் குழு இந்த உரையாடலில் நன்கு பழகியவர்கள். அவர்களைக் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கிவைக்காமல், கடும் சிகிச்சை நடக்கும்போதே அறிமுகப்படுத்திக்கொள்ளலாம்.

குழந்தை இறந்தபின் மருத்துவக் குழுவிலிருந்து ஒருவராவது குடும்பத்தைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதும் அந்த 15 தரநிலைகளில் ஒன்று. அழைப்பு வராவிட்டால் நீங்களே அழைத்துக் கேட்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. உடன்பிறந்த குழந்தைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும். ஐந்து வயதில் அக்கா திரும்பி வருவாள் என்று நினைத்தவன், எட்டொன்பது வயதில் மரணம் மீளாதது என்று புரிந்ததும் எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்பான்.